பினாங்கு பாயின் சண்டை மீன்

அவருடைய சொந்தப் பெயரைத் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கு அவர் பினாங்கு பாய். அவருடைய அக்காள் மட்டும் ‘ஏலே தம்பி’ என்று கூப்பிடுவாள். நானும் பினாங்கு பாய் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

நல்ல உயரம். அகன்ற தோள். மடிப்புக் கலையாத கைலி, கழுத்துப் பித்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டை. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் பெரிய அதிகாரம் பண்ணுகிற ஆள் என்று நினைப்பார்கள். கிட்டே வந்து வாயைத் திறந்தால் ஒரு கேள்விதான் வரும். மழை வருமா, குடை எடுத்துக்கொண்டு போகவா வேண்டாமா என்பார். நான் வானத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பேன். அடுத்த வீட்டு நூல் தரகர் எடுத்துக்கொள்ளச் சொல்வார். பாய் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பி, தெருமுனையில் முடிவெட்டும் கடையில் அதைக் கொடுத்து வைத்துவிட்டுப் போவார். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டாயிற்று.

விவரம் தெரியாதவர் இல்லை. பினாங்கில் பெரிய துணிக்கடை ஒன்றில் வெகுகாலம் கணக்குப் பார்த்தவர். மலாய் பேசுவார், சீனர்களோடு பேரம் பேசுகிற அளவுக்கு அவர்கள் பாஷையும் தெரியும். என் மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் திணறுகிற இங்கிலீஷ் விலாசங்களை அவர் முத்து முத்தாக எழுதிக் கொடுப்பார். எல்லாம் தெரியும். இதுவா அதுவா என்று வந்தால் மட்டும் கை நின்றுவிடும். “அங்கே முதலாளி சொல்லுவாரு, நான் செய்வேன். நல்லா இருந்துச்சு தம்பி” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிற குரலில்தான் சொன்னார்.

அக்காள் புருஷன் திடீரென்று இறந்துபோனார். அவருடைய பீங்கான் கடையைப் பார்க்க ஆளில்லை என்று அக்காள் தந்தி அடிக்க, பாய் கப்பலேறி வந்தார். ஜப்பான்காரன் மலேயாவுக்குள் நுழைவதற்குச் சில மாதங்கள் முந்தி அது. பெண்டாட்டியையும் மகளையும் பினாங்கிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று அங்கே அவர் கேட்காத ஆளில்லையாம். முதலாளி, சீக்கிரமே திரும்பி வரப்போகிறவனுக்கு எதற்கு இத்தனை டிக்கெட் என்றாராம். பள்ளிவாசல் பெரியவர், குடும்பத்தைப் பிரியாதே என்றாராம். கப்பல் கம்பெனி குமாஸ்தா, சண்டை வரும் போலிருக்கிறது, அழைத்துக்கொண்டு போய்விடு என்றாராம். மகளின் வாத்தியார், வருஷப் படிப்பு முடியட்டும் என்றாராம். மறுபடி முதலாளியிடம் போய் நின்றிருக்கிறார். அவர் சொன்னதே கடைசியாகக் காதில் விழுந்தது.

“மனைவியிடம் கேட்கவில்லையா?” என்றேன்.

“கேட்டேன். நீங்க என்ன சொல்றீகளோ அதுதான்னுட்டா. அதுக்காகத்தான் மத்தவங்ககிட்டப் போய்க் கேட்டேன்.”

துறைமுகத்தில் மகள் அவர் கையில் ஒரு சீசாவைக் கொடுத்திருக்கிறாள். உள்ளே ஒரு மீன். விரல் நீளம்கூட இல்லை. கருநீல உடம்பு, அடியில் சிவப்பு, வாலும் துடுப்பும் பட்டுத்துணி மாதிரி நீளமாக. சயாம் தேசத்துச் சண்டை மீன் என்றார். ஆண் மீன்கள் இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்று சாகிறவரை விடாதாம். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கொரு சீசாவில் வளர்ப்பார்களாம். மகளுக்கு அப்போது ஏழு வயது. தன்னை மறுபடி பார்க்கிறவரை அத்தாதான் பார்த்துக்கொள்ள வேண்டும், சாகவிடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கப்பலில் அத்தனை நாளும் சீசாவை மடியிலேயே வைத்திருந்தார். நாகப்பட்டினத்தில் இறங்கியபோதும் மீன் துடிப்பாக இருந்தது. இங்கே வந்த பிறகுதான் எல்லாக் கஷ்டமும்.

சீசா சின்னது, அதில் ஒரு உயிர் எத்தனை நாள் இருக்கும் என்று அக்காள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது. கடை முழுக்கப் பாத்திரங்கள்: ஊறுகாய் ஜாடி, மிட்டாய்க் குடுவை, கண்ணாடிக் கிண்ணம், பீங்கான் தொட்டி. அத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, சாமான் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் மீனை எதில் விடலாம் என்று கேட்பார். தேவதானத்திலிருந்து ஊறுகாய் ஜாடி வாங்க வந்த சம்சாரி ஒருவர், மண்பானைதான் குளிர்ச்சி என்றார். மீன் பானைக்குப் போயிற்று. பானைக்குள் மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பாய் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தார். சவரக்கடைக்காரர் பித்தளை அண்டா என்றார். பித்தளையில் களிம்பு ஏறும் என்றாள் என் மனைவி. கொல்லைப்புறத்தில் சிமெண்ட் தொட்டி சும்மாதானே கிடக்கிறது, அதில் விட்டால் நன்றாக நீந்தட்டுமே என்றார் நூல் தரகர். அவ்வளவு பெரிய தண்ணீரில் அந்த மீன் நீந்தவே இல்லை. ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டது. மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு மறுபடி மூலைக்கே போயிற்று. காக்கை ஒன்று தொட்டிச் சுவரில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுப் பாய் கைலியோடு தொட்டிக்குள் இறங்கினார்.

கடைசியில் நான்தான் ஒன்று கொடுத்தேன். நூல் மில்லில் நான் எலெக்ட்ரீசியன். எஞ்சின் ரூமில் பழைய பாட்டரிகளிலிருந்து கழற்றிய கண்ணாடி ஜாடிகள் கிடந்தன. சதுரமானவை, தடித்த கண்ணாடி, வாய் அகலம், ஒரு ஆள் தூக்கிவிடலாம். ஃபோர்மனிடம் சொல்லிவிட்டு ஒன்றை எடுத்துவந்தேன். அந்த மீனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எங்கள் ஊரில் இருந்திருக்காது. ஆனால் அதில் முன்னால் ஆசிட் இருந்தது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அந்த ஜாடியைப் பாய் கழுவியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாவமாக இருக்கிறது. சோடா உப்பு போட்டுக் கழுவினார், சாம்பல் போட்டுக் கழுவினார், புளி போட்டுக் கழுவினார். ஒவ்வொரு தடவை கழுவியதும் எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்து, மோந்து பார்க்கச் சொல்வார். என் மனைவி மோந்து பார்த்து ஒன்றுமில்லை என்பாள். அவர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

பெட்டைக் கோழி மாதிரி அடைகாக்கிறாரே என்று தெருவில் சிரித்தார்கள். அவர் மறுத்துப் பேசியதே இல்லை. யாரையும் மறுக்கத் தெரியாது என்பது அதில் இன்னொரு பக்கம். காபி கிளப்பில் அந்த மீனைப் பற்றிப் பேச்சு வந்து, கண்ணாடியைக் காட்டினால் தன் நிழலோடேயே சண்டைக்கு நிற்கும் என்று எவனோ சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. ஆளுக்கொரு முகம் பார்க்கும் கண்ணாடி. ஜாடிக்குப் பக்கத்தில் கண்ணாடியை வைத்ததும் மீன் செவுளை விரித்துக்கொண்டு, வாலை அகட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் நிறம் ஏறிப் பாய்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவன் கண்ணாடியை எடுத்தால் இன்னொருவன் வைத்தான். பாய் கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டு, பக்கத்தில் நின்றவரிடம் போதும் என்று சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மீன் களைத்துப்போய் ஜாடியின் அடியில் ஒருக்களித்துப் படுத்த பிறகுதான் கூட்டம் கலைந்தது. அவர் ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்து, அது எழுந்து மேலே வந்து ஒரு குமிழி விடுகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். என் மனைவிக்குக் கோபம். அவரைத் திட்டப் போனவள், முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

பினாங்கில் குண்டு விழுந்த செய்தி பத்திரிகையில் வந்த அன்று நான் மில்லிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தேன். பாய் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“தம்பி, கூட்டிட்டு வந்திருக்கணுமோ?”

ஒன்றும் ஆகியிருக்காது, ஊரை விட்டு உள்ளே தள்ளிப் போயிருப்பார்கள் என்று ஏதோ சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அப்படியே அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதே கேள்வி கேட்டது எங்கள் வீட்டுக்குள் கேட்டது. பிறகு வருஷக்கணக்கில் அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. வளையல்காரரிடம் கேட்டார். ரயில்வே போர்ட்டரிடம் கேட்டார். பர்மாவிலிருந்து கால்நடையாக வந்து சேர்ந்து, ஊர்ப் பெயரைக்கூட மறந்து நின்ற ஒரு கிழவரிடம் கேட்டார். கடிதப் போக்குவரத்து நின்றுவிட்டது. இருக்கிறார்களா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. கூட்டி வந்திருக்க வேண்டும் என்று சொல்கிற தைரியமும் எங்களில் யாருக்கும் இல்லை. அக்காள் மட்டும் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “என்னைக்காச்சும் ஒன்ன நீயே கேட்டுப் பாத்திருக்கியாலே?” என்றாள். அவர் அதையும் ஒரு யோசனையாகவே எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அதன் பிறகு அந்த மீனை அவர் பார்க்கிற விதமே மாறிவிட்டது. அது இருக்கிறவரை அவர்களும் இருப்பார்கள் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது. கொசுப் புழுதான் அதற்குத் தீனி. அதற்காகக் கொல்லையில் சட்டி சட்டியாகத் தண்ணீர் தேங்க வைத்திருந்தார். முனிசிபாலிடிச் சுகாதார ஆள் வந்து, மலேரியாவை நீரே வளர்க்கிறீரா என்று சத்தம் போட்டுவிட்டு எல்லாச் சட்டியிலும் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டுப் போனான். இவர் அவனிடம், பிறகு எதைக் கொடுப்பது என்று பணிவாகக் கேட்டாராம். அவன் முட்டைக்கரு என்றானாம். முட்டைக்கருவைப் போட்டதில் ஜாடித் தண்ணீர் நாறிப்போய் மீன் தலைகீழாகத் தொங்கியது.

அப்போதுதான் வடிகட்டி யோசனை வந்தது. கோடையில் எங்கள் ஊர்த் தண்ணீர் கலங்கலாக வரும். குடிக்கிற தண்ணீரை மணலும் கரியும் அடுக்கிய பானையில் வடித்து எடுப்பது வழக்கம். மீனுக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று ஒருவர் சொல்ல, ஓடுகிற தண்ணீர்தான் மீனுக்கு ஏற்றது, அய்யனார்கோவில் ஆற்று மீனைப் பாருங்கள் என்று இன்னொருவர் சொன்னார். பாய் இரண்டையும் சேர்த்துவிட்டார். ஜாடிக்கு மேலே முக்காலி, முக்காலியில் ஓட்டைப் பானை, பானைக்குள் மணல், கொட்டாங்கச்சிக் கரி, கூழாங்கல். ஓட்டையில் செருகிய துணித்திரி வழியாகத் தண்ணீர் விடாமல் ஜாடியில் விழுந்துகொண்டிருக்கும். நிரம்பி வழிவதைக் கீழே ஒரு வாளி பிடித்துக்கொள்ளும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மீன்தான் படாதபாடு பட்டது. அது நின்ற தண்ணீரில் வாழ்கிற ஜாதி. நீளமான வாலை வைத்துக்கொண்டு இழுப்புத் தண்ணீரில் நிற்க முடியாமல் சுழன்றது. கொஞ்ச நாளில் வால் ஓரம் நைந்து நூல் நூலாகத் தொங்கியது. திரியை மெல்லிசாக்கச் சொன்னார்கள், மெல்லிசாக்கினார். பானையை உயர்த்தச் சொன்னார்கள், உயர்த்தினார். தண்ணீர் இன்னும் பலமாக விழுந்தது.

வால் நைந்த மீனைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டார். போகலாம் என்று வேடிக்கையாகச் சொன்னேன். மறுநாள் காலையில் பழைய சீசாவில் மீனோடு வந்து நின்றார். எனக்கு லீவு நாள். கூடப் போகாமல் தப்ப முடியவில்லை. பெட்ரோல் பஞ்சம், கரி வாயுவில் ஓடுகிற பஸ். ஏற்றம் வந்த இடத்தில் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னான் டிரைவர். பாய் ஒரு கையில் சீசாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் பஸ்ஸைத் தள்ளினார். உள்ளே இருந்தவர்கள் ஊர் வருகிறவரை மஞ்சள் போடு, வேப்பிலை போடு, உப்புப் போடு என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் எவ்வளவு போடவேண்டும் என்று அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் நல்ல மனுஷர். சிரிக்கவில்லை. சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “காளைமாடுன்னா சொல்லுவேன். இதுக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றார்.

பாய் நகரவில்லை. தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். அவரைப் பார்க்க முடியாமல் கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். நான் வெளியே, வண்டிமாடுகள் கட்டியிருந்த பக்கம் பார்த்தேன்.

அடுத்த வருஷம் மறுகல்யாணப் பேச்சு கிளம்பியது. அக்காளுக்கு உடம்பு தள்ளவில்லை. பினாங்கில் அவர் குடும்பம் இருந்த வட்டாரமே எரிந்துபோனதென்று யாரோ ஒருவன் வந்து சொல்லியிருந்தான். சுந்தரபாண்டியத்தில் ஒரு விதவைப் பெண், பிள்ளைகுட்டி இல்லை, கெட்டிக்காரி. பள்ளிவாசலில் பெரியவர்கள் செய்துகொள்ளச் சொன்னார்கள். அக்காள் சொன்னாள். நூல் தரகர் சொன்னார். என்னிடம் வந்து கேட்டபோது, எத்தனை நாள்தான் இப்படியே இருப்பது என்று நானும் அதையே சொன்னேன். அவருடைய வாழ்க்கையில் கேட்டவர்கள் அத்தனை பேரும் ஒரே பதிலைச் சொன்னது அது ஒன்றுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

என் மனைவி மட்டும் சொல்லவில்லை. “அண்ணே, உங்களுக்கு இஷ்டமா?” என்று கேட்டாள்.

“அதைத்தான் தங்கச்சி எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

நிக்காஹ் சுருக்கமாக நடந்தது. சுந்தரபாண்டியத்து அம்மாள் குட்டையான உருவம், கறுப்பு, வேகமான நடை. வந்த மறுநாள் காலையில் ஜாடிக்கு முன்னால் போய் நின்றாள். பாய் பக்கத்தில் நின்று, இதுவரை யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பாதியில் நிறுத்தினாள்.

“வடிகட்டுறது தண்ணிக்கா, மீனுக்கா?”

அவருக்கு விளங்கவில்லை. அவளே பானையை முக்காலியோடு தூக்கி அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தாள். தண்ணீரை அங்கே வடித்து, ஒரு பகல் ஆறவைத்து, ஜாடியில் பாதித் தண்ணீரை மட்டும் மொண்டுவிட்டு அதை மெதுவாக ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் என்றாள். ஜாடியை வெயில் நேராகப் படாத ஜன்னலோரம் நகர்த்தினாள். கண்மாயிலிருந்து வேலம்பாசி கொண்டுவந்து போட்டாள். துள்ளி வெளியே விழாமல் மேலே ஒரு வலைத்துணியைக் கட்டினாள். கொல்லைச் சட்டியில் கொசுப் புழு வளர்ந்தது. சுகாதார ஆள் வந்தால் சட்டியைக் கவிழ்த்துவிடுவாள். முழுதும் செய்து முடிக்க ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. வால் வளர்ந்து பழையபடி பட்டாக விரிந்தது.

பாயும் தெளிந்தார். காலையில் எழுந்தால் அவள் சொல்லுவாள், இவர் செய்வார். கடை நிமிர்ந்தது. குடை கேட்டு எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. அவள் குடையைக் கையில் கொடுத்தே அனுப்பினாள். ஒருநாள் என் மனைவி அவளிடம், எப்படி இவரோடு சமாளிக்கிறீர்கள் என்று கேட்டாளாம். “நல்ல மனுசரு. ஒரு சொல்லுச் சொல்ல மாட்டாவ” என்றவள், “என்னை வேணும்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை” என்றாளாம்.

மீன் அந்த வருஷக் கோடையில் செத்தது. வியாதி ஒன்றுமில்லை, வயதாகிவிட்டது. உடம்பின் நீலம் வெளிறி, தீனிக்கு எழும்பாமல், பாசியின்மேல் சாய்ந்தபடியே போய்விட்டது. பாய் கடைக்குப் போகாமல் வெற்று ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் போனபோது, மகளுக்கு என்ன சொல்ல என்று கேட்டார். மகள் இருக்கிறாள் என்றே அவர் பேசுவதைக் கேட்டு நான் சுந்தரபாண்டியத்து அம்மாளைப் பார்த்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் ஒரு கணம் நின்றது, பிறகு ஓடியது.

ஜப்பான் சண்டை நின்றது. மழைக்காலம் முடிந்து தை பிறந்த சமயம், பினாங்கிலிருந்து வந்த ஒருவர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். மனைவியும் மகளும் உயிரோடு இருக்கிறார்கள். ஜப்பான்காரன் காலம் முழுக்க அந்த அம்மாள் மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்றுப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறாள். கப்பல் கிடைத்ததும் வருகிறார்கள்.

பாய் ஓவென்று அழுதார். அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, இங்கே நடந்ததைக் கடிதத்தில் எழுதவா, நேரில் சொல்லவா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். நேரில்தான் சொல்லவேண்டும் என்றார் நூல் தரகர். எழுதுவதா சொல்வதா என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கப்பல் கிளம்பிவிட்டது.

ரயில் மத்தியானம் வந்தது. விருதுநகரிலிருந்து வந்து தென்காசிப் பக்கம் போகிற வண்டி. பாய், அக்காள், நான், என் மனைவி. சுந்தரபாண்டியத்து அம்மாளும் வந்திருந்தாள். வரவேண்டாம் என்று அக்காள் சொன்னதற்கு, “வீட்டுல ஒளிஞ்சுக்கிடுததுக்கு நான் என்ன திருடியா?” என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

பினாங்கிலிருந்து வந்த அம்மாள் பெட்டியைத் தானே இறக்கினாள். மெலிந்து, வெயிலில் கருகி, கை நரம்பெல்லாம் தெரிந்தது. பின்னால் வந்த பெண்ணுக்குத் தாயின் தோளுயரம் இருக்கும். ஒரு துணிமூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அத்தாவைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. பாய் ஓடிப்போய்ப் பெட்டியைத் தொட்டார். தொட்டவர் அப்படியே நின்றார்.

அந்த அம்மாள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, சுந்தரபாண்டியத்து அம்மாளிடம் கண்ணை நிறுத்தி அக்காளைக் கேட்டாள். “மைனி, இவிய யாரு?”

அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுந்தரபாண்டியத்து அம்மாள்தான் பதில் சொன்னாள். “இவியளைக் கட்டிக்கிட்டவ. நீங்க உசிரோட இல்லைன்னு சொன்னாவ.”

சண்டை நடக்கும் என்று நான் பயந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வந்த அம்மாள் நிழலுக்காக ஒரு அடி ஒதுங்கி நின்றாள். புருஷனைப் பார்த்து அடங்கின குரலில் பேசினாள். “அன்னைக்கு நீங்க சொல்றதுதான்னு சொன்னேன். இப்பவும் அதையே கேக்கேன். நாங்க இங்க எறங்கணுமா, இதே வண்டியில ஏறிக் கடையநல்லூருக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போகணுமா? நீங்க சொல்லுங்க.”

பாய் அக்காளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். சுந்தரபாண்டியத்து அம்மாளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூட்டை தூக்க வந்து நின்ற போர்ட்டரைக்கூடப் பார்த்தார். எதைச் சொன்னாலும் யாரோ ஒருத்தியின் தலையில் விழும்.

கார்டு விசில் ஊதினார். அந்த அம்மாள் மறுபடி கேட்கவில்லை. மகளை முதலில் ஏற்றிவிட்டு, பெட்டியைத் தானே தூக்கி வைத்து ஏறிக்கொண்டாள். அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்தது, வெளியே பார்க்கவில்லை. வண்டி நகர்ந்தது. பாய் கூடவே நடந்தார். எங்களை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. பிளாட்பாரம் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓட ஆரம்பித்து, கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பெட்டியின் கம்பியைப் பற்றித் தொற்றி ஏறிவிட்டார்.

அவர் கடையநல்லூரிலேயே தங்கிவிட்டார். மச்சான் தறிக்கூடத்தில் கணக்குப் பார்க்கிறார் என்றும், மகள் பேசத் தொடங்க வெகுநாளாயிற்று என்றும் கேள்விப்பட்டோம். பீங்கான் கடையைச் சுந்தரபாண்டியத்து அம்மாள் நடத்தினாள். அக்காளைக் கடைசிவரை அவள்தான் பார்த்தாள். பெரியவர்களை வைத்துப் பேசித் தன் பந்தத்தை அவளே கேட்டு முறித்துக்கொண்டாள். நாங்கள் அந்தத் தெருவை விட்டுப் போகிறவரை அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அன்று வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் அக்காள் ‘ஏலே தம்பி, ஏலே தம்பி’ என்று தண்டவாளத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என் மனைவி சுந்தரபாண்டியத்து அம்மாளின் தோளைத் தொட்டு, வாங்க, செத்த நேரம் உட்காருங்க என்றாள். அவள் உட்காரவில்லை.

“போகட்டும் டீச்சரம்மா. யாரையும் கேக்காம அவியளா செஞ்சது இது ஒண்ணுதான்” என்றாள். பிறகு அக்காளின் கையைப் பிடித்து, படி இருக்கிறது, பார்த்து இறங்குங்கள் என்று சொல்லி மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனாள்.